முதல் வாய் எதற்கு? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகான உணவு: கேள்வி – பதில்

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் குழாய்போல ஆக்குவது), பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) ஆகிய அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. பதில்கள் எல்லாம் மூன்று மாதம் தாண்டி, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களுக்கு. முதல் சில வாரங்களின் நீராகாரம், மசித்த உணவு எல்லாம் உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடியே இருக்கட்டும்.

ஸ்லீவ் செய்து எட்டு மாதம் ஆகிறது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. தினமும் 60 கிராம் புரதம் சாப்பிடச் சொல்கிறார்கள். இரண்டு இட்லியிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது. இது நடக்கிற காரியமா?
– வாசகி, திருநெல்வேலி

நடக்கும். ஆனால் இட்லியில் ஆரம்பித்தால் நடக்காது. இரண்டு இட்லியில் கிடைப்பது சுமார் 4 கிராம் புரதம்தான். வயிற்றில் இருக்கிற கொஞ்ச இடத்தையும் அதற்கே கொடுத்துவிட்டால் மற்றதற்கு எங்கே போவது? எந்த வேளையானாலும் முதல் வாய் புரதத்துக்கு, அடுத்தது காய்க்கு, சோறோ சப்பாத்தியோ கடைசியில். பாதியில் வயிறு நிறைந்துவிட்டால் மிஞ்சுவது சோறாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை எழுந்ததும் சர்க்கரை போடாத பால் 200 மி.லி.: 6 கிராம். டிபனுக்கு 40 கிராம் பாசிப்பயறு ஊறவைத்து அரைத்த பெசரட்டு: 9 கிராம். பதினொரு மணிக்குக் கெட்டித் தயிர் 150 கிராம்: 5. மதியம் பனீர் 75 கிராம் (13, 14 கிராம் புரதம்), கூடவே அரைக் கிண்ணம் கெட்டிப் பருப்பு (5), பொரியல், இடம் இருந்தால் மூன்று ஸ்பூன் சாதம். மாலை அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 6. இரவு மீல்மேக்கர் 20 கிராம், அதாவது ஊறவைப்பதற்கு முன் எடுத்த எடை: 10 கிராம். ஒரு சின்ன சப்பாத்தி: 2. கூட்டினால் 57 வருகிறது. காலைப் பாலில் வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடி) அரை ஸ்கூப் கலந்தால் 60-ஐத் தாண்டிவிடும்.

இரண்டு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று சாம்பார். அதில் பருப்பு இருப்பது உண்மைதான், ஆனால் நம் வீட்டு சாம்பாரில் ஒரு கரண்டிக்கு 2, 3 கிராம் தேறினால் அதிகம். இன்னொன்று, மால்ட் கலந்த சத்துபானத்தைப் புரோட்டீன் பவுடர் என்று நினைத்துக் குடிப்பது. அதில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 30 கிராம் பொடியில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருந்தால்தான் அது புரோட்டீன் பவுடர்.

சாப்பிடும்போது நெஞ்சில் அடைக்கிறது. தண்ணீர் குடித்தால் நுரை நுரையாக எதிர்த்து வருகிறது. சாதம், சப்பாத்தி, கோழி மூன்றுமே இப்படித்தான். ஆபரேஷனில் ஏதாவது கோளாறா?
– வாசகர், மதுரை

எப்போதாவது இப்படி வந்தால் பெரும்பாலும் கோளாறு சாப்பிடும் விதத்தில் இருக்கும். கையால் பிசைந்து உருட்டிப் போடுகிற சோற்று உருண்டைதான் முதல் குற்றவாளி. பல்லில் படாமலே இறங்கி, குறுகிய பாதையில் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நாளைக்குக் கையை விட்டு டீஸ்பூனுக்கு மாறுங்கள். ஒரு வாய் என்பது ஒரு கொண்டைக்கடலை அளவு. அது கூழாகும்வரை, இருபது முறையாவது மெல்ல வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு முடிய 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். கோழியில் ஈரம்தான் முக்கியம். ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கிய நெஞ்சுக்கறி நார் நாராக வறண்டிருக்கும், அதைவிட மோசமாக அடைப்பது வேறில்லை. கொத்துக்கறியாகக் குழம்பில் வேகவைத்தோ, முள் எடுத்த மீனாகவோ சாப்பிட்டுப் பாருங்கள். முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல், கீரைத்தண்டு நார் ஆகியவற்றை விழுங்கவே வேண்டாம். அவை சேர்ந்து கட்டியாகி வழியை அடைத்துவிடக்கூடும்.

அடைத்தபோது தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பது தப்பு. தண்ணீர் மேலேயே நின்று, எச்சிலோடு நுரையாகத் திரும்பும். சாப்பிடுவதை நிறுத்தி, எழுந்து மெதுவாக நடங்கள். இலையில் உட்கார்ந்ததிலிருந்து சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம்வரை தண்ணீர் வேண்டாம். ரசமும் மோரும் தண்ணீர் கணக்குதான். ரசம் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் மாலை நாலு மணிக்குத் தனியாக ஒரு டம்ளர் குடிக்கலாம். மற்ற நேரத்தில் வாய் வாயாக, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும்.

இப்படியெல்லாம் மாற்றிய பிறகும் தினமும் வாந்தி வந்தால், அல்லது ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதை குறுகியிருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்ப்பார்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தயாமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். தொடர் வாந்தியில் அது தீர்ந்துபோனால் கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, குழப்பம் எல்லாம் வரும். கவனிக்காமல் விட்டால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அவசரப் பிரிவில் இருப்பவர்களிடம், "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 போடுங்கள்" என்று கூட வந்தவர் சொல்லட்டும்.

பைபாஸ் செய்து ஒன்றரை வருடம். கல்யாணத்தில் பாயசம் குடித்த கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. வேறொரு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கியது. எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது.
– வாசகி, கோயம்புத்தூர்

இரண்டும் டம்பிங்தான், அதாவது சாப்பிட்டது வயிற்றில் தங்காமல் வேகமாகக் குடலில் இறங்குவதால் வருகிற தொல்லை. வகை மட்டும் வேறு. முதலாவது, இனிப்பு நேராகச் சிறுகுடலில் போய் விழுந்து, உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுப்பதால் வருவது. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் தெரியும். இரண்டாவது, ரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறியதற்கு எதிராக இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து, சர்க்கரையைக் கீழே தள்ளுவதால் வருவது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவானாலும் குடலுக்குச் சர்க்கரைதான். "நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது" என்பதை நம்பிக் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து குடித்தாலும் இதே கதைதான்.

நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸை, அதாவது மூன்று டீஸ்பூனை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். கால் மணி கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறியதும் கொஞ்சம் பனீரோ சுண்டலோ சாப்பிட வேண்டும். இனிப்போடு நிறுத்திக்கொண்டால் மறுபடி இறங்கும். ஒருமுறை மயக்கம் வந்திருந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் வண்டி ஓட்டக் கூடாது. கல்யாணப் பந்தியில் பருப்பு, கூட்டு, பொரியல் என்று ஆரம்பியுங்கள். பாயசம் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு ஸ்பூன், அதுவும் சோதித்துப் பார்த்துத்தான்.

மூன்று வருடத்தில் 38 கிலோ குறைந்தேன். இப்போது 7 கிலோ ஏறிவிட்டது. மூன்று வேளையும் அளந்துதான் சாப்பிடுகிறேன். வயிறு மறுபடி பெரிதாகிவிட்டதா?
– வாசகர், சேலம்

கொஞ்சம் இளகியிருக்கும், அது எல்லோருக்கும் நடப்பது. இரண்டாம் வருடத்துக்குப் பிறகு ஓரளவு எடை ஏறுவதும் பரவலாகக் காணப்படுவதுதான். 38-இல் 7 என்பது தோல்வி இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று வேளை மட்டும்தான் இருக்கிறது. சாயங்காலம் மூன்றிலிருந்து எட்டுவரை என்ன நடக்கிறது என்று எழுதவில்லை.

எங்கள் கணிப்பில் நம் ஊரில் எடையைத் திரும்பக் கொண்டுவருவது பிரியாணியைவிட, காபியும் முறுக்கும்தான். பிரியாணி நாலு ஸ்பூனில் நிறுத்திவிடும். முறுக்கு, மிக்சர், ரஸ்க், பிஸ்கட் எல்லாம் வாயிலேயே பொடியாகி, காபியில் கூழாகி, வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும். அதனால் நிறைந்த உணர்வே வராது, ஒரு பொட்டலம் காலியாகும்வரை கை போய்க்கொண்டே இருக்கும். 100 கிராம் மிக்சர் 500 கலோரிக்கு மேல். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் காபி நாலு வேளை என்றால் அதுவே 350, 400 கலோரி.

ஒரு வாரத்துக்கு வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள். தாளிக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்த தோசை, எல்லாம் சேர்த்து. பிறகு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் ஒரு முறை அளந்த சுண்டலோ தயிரோ, காபி நாலை இரண்டாக்கிச் சர்க்கரையை விடுவது. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சி வேண்டும், நடை மட்டும் போதாது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில் எடை பாருங்கள். வயிற்றைப் பழையபடி சுருக்குவதாகச் சொல்லிச் சில நாள் வெறும் நீராகாரம் இருக்கச் சொல்வார்கள். அதில் குறைவது பெரும்பாலும் தண்ணீர், வயிறு சுருங்காது. இவ்வளவும் செய்து மூன்று மாதத்தில் ஏற்றம் நிற்காவிட்டால் தைராய்டு, நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவற்றையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

நாலு வருடம் ஆகிவிட்டது, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். மாத்திரைகளை நிறுத்தலாமா?
– வாசகி, வேலூர்

கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. பி12 ஈரலில் சில வருடங்களுக்குச் சேமிப்பாக இருக்கும். அதனால் குறைபாடு மெதுவாகத்தான் வெளியே தெரியும், பலர் மாத்திரையை நிறுத்துவதும் சரியாக அந்தச் சமயத்தில்தான். கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு தடவைக்கு 500-க்கு மேல் போகாமல் பிரித்துச் சாப்பிட வேண்டும். அட்டையில் சிட்ரேட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், உங்கள் வயிற்றில் அது குறைவு. இரும்பு மாத்திரையும் கால்சியமும் இரண்டு மணி நேர இடைவெளியில், இரும்புக்குப் பக்கத்தில் காபி, டீ வேண்டாம். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இரும்பு கூடுதலாகவே தேவை.

வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின் பார்க்க வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடவே கூடாது, இணைப்பில் புண் வந்துவிடும்.

ஏகாதசி விரதம் இருக்கலாமா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

முதல் வருடம் வேண்டாம். பிறகு மருத்துவர் சம்மதித்தால், தண்ணீரும் பாலும் மோரும் நாள் முழுக்கக் குடித்தபடி இருக்கலாம். தண்ணீர்கூட இல்லாத விரதம் உங்களுக்கு ஒத்துவராது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாமாக முடிவு செய்யக் கூடாது. துவாதசி பாரணையில் சர்க்கரைப் பொங்கலில் கை வைக்காமல் முதலில் பாசிப்பருப்பு, பிறகு அகத்திக்கீரை, அதன் பிறகு சாதம்.