அம்மா நின்றுகொண்டே படிப்பார்

அன்புள்ள ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் இதை எழுதுகிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு என் அம்மா தமது 78ஆவது வயதில் காலமானார். குடும்பத்தினர் மட்டும் படிப்பதற்காக அவரைப் பற்றி ஒரு சிறிய நினைவுத் தொகுப்பைக் கொண்டுவரலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. பத்துப் பக்கங்கள் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், ‘அன்பின் உறைவிடம்’, ‘தியாகத்தின் திருவுருவம்’, ‘பேரப்பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தவர்’ என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. எதுவும் பொய்யில்லை. ஆனால் பெயரை மாற்றினால் வேறு எவருடைய அம்மாவுக்கும் அது பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான் விரும்பிய படிப்பைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தபோது அம்மா ஏறக்குறைய ஓராண்டு என்னுடன் நேராகப் பேசவில்லை. எதுவாக இருந்தாலும் தம்பி வழியாகத்தான் சொல்லி அனுப்புவார். அதே அம்மா, என் 19 வயது மகள் பாதியில் படிப்பை மாற்றிக்கொள்ள விரும்பியபோது, அவள் பக்கம் நின்று என்னிடமே வாதாடினார். முதல் செய்தியை எழுதவே கூடாது என்கிறான் தம்பி. எழுதாவிட்டால் இரண்டாவதற்குப் பொருளே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பியின் மகனுக்கு ஐந்து வயது. ‘பாட்டி இப்படித்தான் செய்வாங்க’ என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ‘செய்வாங்க இல்லப்பா, செஞ்சாங்க’ என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் திருத்துகிறோம். திருத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எழுத்தில் என் அம்மாவை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பத்துப் பக்கங்களை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். என் அம்மா மறைந்த சில நாட்களில், உறங்காமல் உட்கார்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் கண்கலங்கியதாகச் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன். அம்மாவின் தங்கையான என் சித்தி மட்டும் அதை முழுவதும் படித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கே. இது யாரைப் பத்தி?” என்று கேட்டார். கிண்டலாக அல்ல, உண்மையாகவே கேட்டார் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கோபம் தணியச் சில வாரங்கள் ஆயின. பிறகுதான், கட்டுரையில் நான் ஏன் எழுதவில்லை என்று எனக்கே விளங்காத ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அண்ணன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் பள்ளிச் சிறுவன். அவனிடமிருந்து கடிதம் வந்தால் அம்மா வாசற்படியிலேயே உறையைப் பிரித்து, நின்றுகொண்டே ஒருமுறை படிப்பார். பிறகு அதை மடித்து, ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய், சற்று நேரம் கழித்து ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, உதடுகள் அசைய இரண்டாம் முறை படிப்பார். முதல் முறை கெட்ட செய்தி ஏதேனும் உண்டா என்று பார்ப்பதற்கு, இரண்டாம் முறை மகனோடு பேசுவதற்கு என்று நானாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ‘பாசமிக்க தாய்’ என்று என் கட்டுரையில் மூன்று இடங்களில் இருந்தது. இந்த வாசற்படி ஓரிடத்திலும் இல்லை.

நம் மொழியில் இரங்கற்பாட்டுக்குக் கையறுநிலை என்று துறையே உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாடலை, தொகுப்பைத் தொடர்வதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அப்பாடலின் முற்பகுதியில் அவன் வள்ளல் என்றோ பெருந்தன்மையாளன் என்றோ ஔவை சொல்வதில்லை. கள் சிறிதளவே கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். ஊன் கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் நுழையும் இடத்திலெல்லாம் தான் நிற்பான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். இவை அனைத்தும் செயல்கள். அந்தத் தலைதடவலில் இரண்டு மணங்கள் இருப்பதைக் கவனியுங்கள்: ஓர் அரசனின் கையும் ஒரு பாடினியின் தலையும் தொட்டுக்கொண்ட தருணத்தை, அவர் அருகிலிருந்து முகர்ந்தவராகச் சொல்கிறார்.

இந்தச் செயல்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் ‘மன்’ என்றொரு இடைச்சொல் வருகிறது. அதற்குத் தொல்காப்பியம் கூறும் மூன்று பொருள்களில் முதலாவது கழிவு. ‘இப்படிச் செய்வான், அது போயிற்று’ என்பதை அந்த ஓரசை சொல்லிவிடுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வினைச்சொற்கள்தான். ஈயும், உண்ணும், தைவரும் என்று அவை வழக்கத்தைச் சொல்கின்றனவே அன்றி, ஈந்தான், உண்டான் என்று முடிந்துபோன ஒரு நாளைச் சொல்லவில்லை. இன்றைய தமிழிலும் இந்த வசதி நமக்கு இருக்கிறது. ‘அம்மா படிப்பார்’ என்றால் நாளை படிக்கப்போகிறார் என்றும் பொருள். அந்த நாட்களில் படிப்பது வழக்கம் என்றும் பொருள். இறந்தவரின் பழக்கத்தை எதிர்கால வினையில் சொல்ல அனுமதிக்கும் மொழியில் எழுதும் நாம், துக்கக் கட்டுரை என்று வந்தவுடன் ‘திகழ்ந்தார், விளங்கினார், வாழ்ந்தார்’ என்று ஏன் போய்விடுகிறோம் என்று தெரியவில்லை. திகழ்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஆகவே, தம்பி மகனைத் திருத்தாதீர்கள். இலக்கணப்படி அவன் சொல்வது சரி. மேலும், உங்கள் தொகுப்பில் நீங்கள் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது அவனுடைய நினைவுகளைத்தான். இதைக் கனிவுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர் பட்ரீசியா பவரும் மரீனா லார்க்கினாவும் 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வயதில் குழந்தைகள் தங்கள் தாய்மாருடன் பேசிய நிகழ்ச்சிகளைப் பற்றி, அதே குழந்தைகளிடம் பின்னர் வெவ்வேறு வயதுகளில் கேட்டுப் பார்த்தார்கள். 5 முதல் 7 வயதில் கேட்கப்பட்டவர்கள் அவற்றில் 60 விழுக்காட்டுக்கும் மேல் நினைவில் வைத்திருந்தார்கள். 8, 9 வயதில் கேட்கப்பட்டவர்களிடம் அது 40 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் அம்மா இன்னும் நெடுநாள் இருப்பார். அந்தச் சிறுவனின் பாட்டி மறைந்துபோவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் போதும். பிறகு நீங்கள் சொல்லிக்கேட்ட பாட்டிதான் அவனிடம் மிஞ்சுவார்.

கேட்கும் விதத்தைப் பற்றியும் அந்த ஆய்வில் ஒரு செய்தி உண்டு. குழந்தை போகும் போக்கிலேயே பேச்சை விட்டு, ‘சொல்லு, அப்புறம்?’ என்று கேட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் பழைய நினைவுகள் கூடுதலாகத் தங்கியிருந்தன. ‘பாட்டிக்கு உன்மேல் எவ்வளவு ஆசை, இல்லையா?’ என்று கேட்காதீர்கள். அது விடையை ஊட்டும் கேள்வி, அவனும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவான். அவன் பாட்டியின் செருப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செருப்பைப் பற்றியே பேசட்டும். அவன் சொல்வதைச் செப்பனிடாமல், அவன் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஓராண்டு மௌனம். நான் உங்கள் பக்கம். ஆனால் தம்பியின் அச்சத்தில் நியாயம் இருப்பதையும் பார்க்கிறேன்: அது புகாராக எழுதப்பட்டுவிடும் என்று அவர் பயப்படுகிறார். நாம் எழுதும் நினைவுக் குறிப்புகளில் இத்தகைய இடங்கள் வரும்போது ‘ஆனாலும்’ என்றொரு சொல் ஓடிவந்து நின்றுகொள்ளும். ‘அம்மா கண்டிப்பானவர், ஆனாலும் உள்ளுக்குள் அன்பானவர்.’ அந்தச் சொல் இரு பக்கத்தையும் கெடுத்துவிடுகிறது. உங்கள் வருத்தம் பெரிதல்ல என்று அது உங்களிடம் சொல்கிறது. அம்மாவுக்கு மன்னிப்பு தேவைப்பட்டது என்று படிப்பவரிடம் சொல்கிறது. மகளுடன் பேசாமலிருந்த ஆண்டை ஒரு பத்தியில் எழுதுங்கள்: எந்த அறையில், எந்த வேளையில், தம்பி வழியாக என்ன சொற்களில் செய்தி வந்தது என்று. அடுத்த பத்தியில் பேத்திக்காக உங்களிடம் வாதாடியதை எழுதுங்கள். இடையில் எந்தப் பாலமும் வேண்டாம். தம்மிடம் அன்று தவறு நடந்துவிட்டது என்று அவர் பின்னால் எண்ணியிருக்கலாம், எண்ணாமலும் இருந்திருக்கலாம். அவர் வாயால் சொல்லாததை நீங்கள் அவர் சார்பில் சொல்லத் தேவையில்லை.

உண்மையில் நீங்கள் எழுதுவது இரண்டு பெண்களைப் பற்றி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். என் அம்மா எங்களுக்கு, பென்சில் விரலால் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் புதியதை எடுத்துத் தருவார். அதுவும் தேய்ந்த துண்டைக் காட்டினால்தான். என் மகளுக்கோ, முனை ஒடியும் ஒவ்வொரு முறையும் புதுப் பென்சில். இதைச் சொல்லி நான் ஒருநாள் குறைபட்டுக்கொண்டபோது என் மகள் வேறொன்றைச் சொன்னாள். பாட்டி பென்சிலைப் பழைய பிளேடால்தான் சீவுவாராம்; சீவும்போது விழும் சுருளைத் தரையில் விடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாராம்; அது கிழியாமல் ஒரே சுருளாக வந்தால் அவளுடைய சுட்டுவிரலில் மோதிரம்போல் மாட்டிவிடுவாராம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அவருடைய மகனாக இருந்தும் எனக்குத் தெரியாத ஒரு கை அது. அதற்காக எனக்குச் சிறிது பொறாமையும் வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவதாக ஒரு பெண்ணும் உண்டு, உங்கள் யாருக்கும் அம்மாவாகாத பெண். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலாண் பார்த் தம் தாய் 1977 அக்டோபர் 25 அன்று இறந்த பிறகு பழைய புகைப்படங்களில் அவரைத் தேடிப் பார்த்தார். தாம் பழகியறிந்த காலத்துப் படங்கள் எதிலும் அவருக்குத் தாய் கிடைக்கவில்லை. கடைசியில் 1898இல், ஐந்து வயதுச் சிறுமியாகத் தம் அண்ணனுடன் அவர் நிற்கும் ஒரு மங்கிய படத்தில்தான் அவரைக் கண்டுகொண்டதாக எழுதுகிறார். புகைப்படத்தைப் பற்றிய அந்த நூலில் வேறு பல படங்களை அச்சிட்டவர், அந்த ஒரு படத்தை மட்டும் வெளியிடவில்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு சாதாரணப் படம், அவ்வளவுதான் என்றார். உங்கள் அம்மாவைச் சிறுமியாகப் பார்த்தவர்கள் எவரேனும் இருந்தால் அவர்களிடம் விரைந்து போங்கள். தொகுப்பில் சேர்க்காமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ள ஏதேனும் கிடைத்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

‘தியாகம்’ என்ற சொல்லையும் சற்று நிறுத்திக் கேளுங்கள். அவர் எதை விட்டுக்கொடுத்தார், தாமாகவா, வேறு வழியின்றியா? விட்டுக்கொடுத்த பொருளின் பெயர் தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். கைபேசியில் அவருடைய குரல்பதிவுகள் இருந்தால் இன்றே வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். கைபேசி மாற்றும்போது காணாமற்போவது பெரும்பாலும் அவைதான். பழைய படங்களின் பின்புறம் பெயர்களை மையால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மை நாளடைவில் முகத்துக்கு ஊறிவிடும்.

அந்தப் பத்துப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டாம். ஒவ்வொரு புகழ்ச்சொல்லின் ஓரத்திலும் ‘எப்போது?’ என்று எழுதி, பதில் கிடைக்கும் இடத்தில் புகழ்ச்சொல்லை அடித்துவிட்டுப் பதிலை மட்டும் வையுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நீண்ட கட்டுரை நான்கு பக்கமாகச் சுருங்கியது. அந்த வாசற்படியும் இரண்டு முறை படிப்பதும் முதல் பத்தியில் வந்தன. என் விளக்கத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். சித்தியிடம் மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இம்முறை பாதியிலேயே நிறுத்தி, முதல் பத்திக்குத் திரும்பிப் போய், அங்கே விரலை வைத்துக்கொண்டு சொன்னார்:

“கண்ணாடி இல்லாம உங்க அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாதுடா. வாசல்ல நின்னு அவ படிக்க மாட்டா. உங்க அண்ணன் கையெழுத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பா. அப்புறந்தான் கண்ணாடியத் தேடுவா.”