ஹட்சன் நதிப் பள்ளி என்பது என்ன? தாமஸ் கோல் யார்?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் காடு, மலை, அருவியையே கதாநாயகராக்கி வரைந்த ஓவியர்களைத்தான் ஹட்சன் நதிப் பள்ளி என்கிறார்கள். தொடங்கி வைத்தவர் தாமஸ் கோல் (1801–1848). இங்கிலாந்தின் ஆலை நகரமான போல்டனில் பிறந்து, 1818இல் அமெரிக்கா போனவர். புகைபோக்கிகளைப் பார்த்த கண்ணுக்கு நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றை ஒட்டிய கேட்ஸ்கில் மலைக்காடு எப்படித் தெரிந்திருக்கும்! அங்கேயும் கோடரி விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தவிப்பு அவர் படங்களில் உண்டு.

1836இல் வரைந்த 'ஆக்ஸ்போ'வில் இடப்பக்கம் புயல் மேகமும் முறிந்த மரமும். வலப்பக்கம் வெயிலில் வயல்கள். கீழே தொப்பியோடு குட்டியாக ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். கோலேதான், குறும்புக்காரர்!

அம்மாவின் கைப்பக்குவம் மகளுக்கு வருகிற மாதிரி, இந்தப் பாணி அவருடைய மாணவர் ஃபிரெடரிக் சர்ச்சுக்கு வந்தது. மற்றபடி, பள்ளி என்றதும் கட்டடத்தைத் தேடாதீர்கள். ஹட்சனை மட்டும் வரைந்தவர்களும் இல்லை, ஆக்ஸ்போவில் வளைந்து ஓடுவதே கனெக்டிகட் ஆறுதான்.