படத்துக்குப் பின்னால் பெயர் எழுதுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். சுற்றியிருந்த பால்மர (ரப்பர்) தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறியும் போனபின், லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளைவிட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்த குடும்பங்கள் இங்கே அதிகம். கொண்டுவந்த இரும்புப் பெட்டியில் என்ன இருக்கிறது, அதை எப்படிக் காப்பது என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் கேள்வி.

கேள்வி: சாமி அறையில் மாட்டியிருந்த தாத்தா பாட்டி கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மூலையில் வெள்ளைப் பூஞ்சணமும் தெரிகிறது. மெதுவாக உரித்தெடுக்கலாமா?

உரிக்கவே வேண்டாம். பழைய படத்தின் மேல்தோல் ஜெலட்டின். நம் ஊர் ஈரக்காற்றில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அப்படியே இறுகிவிடும். இழுத்தால் தாள் மட்டும் கையில் வரும், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

முதல் வேலை, கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுப்பது. சட்டத்தின் பின்பலகையைக் கழற்றுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை, நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடையுங்கள். நேராகத் தண்ணீர் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐ-யில் எடுங்கள். மெல்லிய, மலிவான ஸ்கேனர் சில, கண்ணாடித் தடிப்பளவு தள்ளியிருக்கும் படத்தை மங்கலாகவே எடுக்கும். அப்படியானால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும் ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல், கைப்பேசியைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுக்கலாம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் உங்கள் உருவம் கண்ணாடியில் விழாது.

தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில படங்கள் அப்படி வந்துவிடும். ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் இருந்தது. உங்கள் பாட்டியின் உதட்டுச் சிவப்பும் புடவைக் கரையும் அப்படித் தீட்டியவை என்றால், தண்ணீர் பட்டதும் கரைந்து போகலாம். நகல் தெளிவாக வந்துவிட்டதென்றால் அசலைக் கண்ணாடியோடேயே விட்டுவிடுங்கள்.

இது நடந்ததற்குக் காரணம் இரண்டு. சட்டம் போட்டவர் படத்தைக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருப்பார். நடுவே 3 மில்லிமீட்டர் அட்டை ஓரம் வைத்திருந்தால் ஒட்டியிருக்காது. இரண்டாவது, சாமி அறை. கண்ணாடியில் இடும் சந்தனம் ஈரத்தோடு வழிந்து கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் தேங்கும், நனைந்த மாலையும் சொட்டும். பூஞ்சணம் பெரும்பாலும் அந்தக் கீழ்மூலையில்தான் தொடங்கும். பொட்டும் மாலையும் வேண்டியவைதான். அவற்றை நகலுக்குப் போடுங்கள். அசலைப் பெட்டியில் வையுங்கள்.

பெட்டி என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, அடியில் 5 என்ற எண் போட்டது. 5 லிட்டர் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் தாராளம். நிறம் மாறும் ஆரஞ்சு வகையாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் மாறினால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். ரசகற்பூர உருண்டையைப் படங்களோடு போடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த மற்றப் படங்களை ஈரத்துணியால் துடைத்தால் அது உள்ளே ஊறிவிடும். நிழலில் நன்றாகக் காயவைத்து, அது பொடியானபின், மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

கேள்வி: பாட்டிக்கு 80 வயது தாண்டிவிட்டது. தோட்டத்தில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன, யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் "மறந்துபோச்சு" என்கிறார். எப்படிக் கேட்பது?

எங்களுக்கு வந்த கேள்விகளில் இதுதான் அவசரமானது. படம் நைந்தால் நகல் எடுக்கலாம். பெயர் போனால் அந்தப் படத்தில் இருப்பவர் யாரோ ஒருவர்தான்.

"இது யாரு பாட்டி?" என்று முகத்தைக் காட்டிக் கேட்பது அவருக்குப் பரீட்சை மாதிரி இருக்கும், தெரியாவிட்டால் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். இடத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய தாளை விரித்து லயத்தை வரையச் சொல்லுங்கள், அல்லது அவர் சொல்லச்சொல்ல நீங்கள் வரையுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எங்கே, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், கோயில், கள்ளுக்கடை, தோட்டப் பள்ளி எங்கே. பிறகு வீடுகள். "நம்ம வீட்டுக்கு இடப்பக்கம் யாரு இருந்தா? எதுத்தாப்புல?" வீட்டு வரிசை வந்துவிட்டால் பெயர்கள் தாமாகவே வரும். "உங்க நிரைக்குப் பக்கத்து நிரையில யாரு பால் வெட்டுனா?" என்பதும் நல்ல கேள்வி. நிரை என்பது ஒருவர் பால் வெட்டும் மரவரிசை. கூடவே வெட்டியவர் பெயரைப் பலரும் மறப்பதில்லை.

அதன்பின் படத்தை எடுங்கள். கையகலப் படத்தைக் காட்டாமல், நகலை ஏ4 அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள். மேலே மெல்லிய ஒளி ஊடுருவும் தாளை வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். அவருக்கு நிச்சயம் தெரிந்தவரிலிருந்து தொடங்கி இருபுறமும் நகருங்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், நான்கைந்து படம் போதும். காலைப் பசியாறியபின் கேட்பது நல்லது. பேச்சைக் கைப்பேசியில் பதியுங்கள். விமானப் பயன்முறையில் போட்டு, மேசைமேல் துணியை மடித்து அதன்மேல், அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். அதன் இரைச்சல் நமக்குப் பழகிவிடும், பதிவில் குரலை மூடிவிடும்.

எழுதும்போது வெறும் பெயர் போதாது. ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மா இருப்பார்கள். பெயர், யாருடைய மகள் அல்லது மனைவி, தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு), கூப்பிடும் பட்டப்பெயர், இந்த நான்கும் வேண்டும். சந்தேகமானால் கேள்விக்குறி போடுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் குறித்து வைத்தால், நாளைக்குச் சித்தப்பா வேறு பெயர் சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதக்கூடாது. அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். பழைய தாள் படமென்றால் 2பி பென்சிலால் ஓரத்தில் மெதுவாக எழுதுங்கள். 1970களுக்குப் பிந்திய வண்ணப் படங்களின் பின்பக்கம் வழவழப்பாக இருப்பதால் பென்சில் பிடிக்காது. அவற்றை ஒவ்வொன்றாகத் தாள் உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள், எழுதியபின் படத்தை உள்ளே வையுங்கள்.

ஆண்டு தெரியாவிட்டால் படத்திலேயே குறிப்பு இருக்கும். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி தெரிந்தால் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் எடுத்ததாக இருக்கலாம். நிறமெல்லாம் செம்மையாக மாறிய வண்ணப்படம் பெரும்பாலும் 1970களைச் சேர்ந்தது. அந்தக் காலத்துத் தாளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும்.

கேள்வி: அப்பாவின் தாத்தாவைச் சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. இறந்த நாளும் தெரியாது, படமும் இல்லை. அவருக்கு எப்போது, எப்படிப் படைப்பது?

திதி தெரியாதவர்களுக்கென்றே நம் வழக்கத்தில் நாள் இருக்கிறது. புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை. ஆடி, தை அமாவாசைகளிலும் செய்யலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள்தான் முடியும் என்றால் மகாளயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் இலை போட்டுப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, பிறகு நீங்கள் சாப்பிடலாம்.

படம் இல்லையென்பதற்காக வேறு யார் படத்தையும் வைக்க வேண்டாம். ஒரு நல்ல தாளில் அவர் பெயர், அப்பா பெயர், தமிழ்நாட்டு ஊர், இங்கே வேலை செய்த தோட்டம், "1942–43, சயாம் ரயில்" என்று எழுதிச் சட்டம் போட்டு விளக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒவ்வொருவர் பெயரிலும் கல் இல்லை. அதனால் உங்கள் வீட்டுத் தாளில் எழுதுவது வெறும் சடங்கல்ல. அவர் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அதுவாகவே இருக்கக்கூடும். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் பழைய சிவப்பு அடையாளக் கார்டு, கப்பலில் வந்தபோதிருந்த கடப்பிதழ், கூட்டுறவுச் சங்கப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. லேமினேட் செய்துவிடலாமா?

கூடாது. சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிளை எடுத்துவிட்டு, மடிப்பை விரித்து, தெளிவான பாலிபுரோபிலீன் உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பழுப்புக் கறையாகிவிடும்.

கடப்பிதழின் எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, நகலெடுங்கள். முத்திரையில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்தால் 1972-க்கு முன்பு. அதன்பிறகுதான் போர்ட் கிள்ளான் ஆனது. ரஜூலா கப்பல் என்று குறித்திருந்தால் 1926-க்கும் 1973-க்கும் இடையே.

சங்கப் புத்தகம் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது என்றால் அதை ஞாபகப்பொருளாக மட்டும் நினைக்காதீர்கள். உறுப்பினர் எண்ணைக் குறித்துக்கொண்டு, இறப்புப் பத்திர நகலோடு சங்கத்தில் விசாரியுங்கள். வாரிசுக்குச் சேரவேண்டிய பங்குப் பணம் இருக்கலாம்.

கேள்வி: அப்பா பாடிய பஜனைக் கேசட் ஒன்று கிடைத்தது. பழைய ரேடியோவில் போட்டுப் பார்க்கலாமா?

போடுவதற்கு முன்பு கேசட்டின் முதுகில் இரு மூலையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம், வீட்டில் ஓட்ட வேண்டாம். திறப்பின் நடுவே சிறு பஞ்சுத் திண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கும், வேறு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டும்.

கருவியின் தலையை மருந்துக்கடை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காதுப் பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ஈரத்துணி போதும். அது பிசுபிசுத்தால்தான் நாடாவைச் சுற்றி இழுத்துக்கொள்கிறது. வேறொரு தேவையற்ற கேசட்டை முழுக்க ஓட்டிப் பார்த்தபின், அப்பாவின் கேசட்டை முன்னும் பின்னுமாக ஒரு முறை சுற்றிவிட்டு ஓட்டுங்கள். முதல் தடவை ஓட்டும்போதே கணினியில் பதியுங்கள், இரண்டாவது தடவை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஹெட்போன் துளையிலிருந்து கம்பியைக் கணினியின் லைன்-இன் துளைக்குக் கொடுங்கள். மைக் துளையில் கொடுத்தால் கரகரக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். வேவ் கோப்பாகச் சேமியுங்கள். சி-60 கேசட் முழுவதும் சுமார் 600 எம்பி வரும். உறவினருக்கு அனுப்ப எம்பி3 நகல் தனியாக. படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும்.

கேள்வி: அம்மாவின் கூறைப்பட்டு மடிப்பில் கிழிகிறது. பேத்திக்குப் பாவாடை தைக்கலாமா?

தைக்கலாம், அம்மாவும் அதைத்தான் விரும்பியிருப்பார். முந்தானையைத் தொடாமல் விடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் பாவாடைக்கு உடல்பகுதியில் இரண்டு மீட்டர் போதும், கிழிந்த மடிப்புக் கோடுகளைத் தவிர்த்து வெட்டச் சொல்லுங்கள். உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் நைந்த பட்டு தையலிலேயே பிரியும். மீதியைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும்.

கேள்வி: லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவின் கணவர் இறந்துவிட்டார். 16-ஆம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நான் என்ன செய்யலாம்?

மூன்றாவது, நான்காவது வாரம் போங்கள். அப்போதுதான் வீடு காலியாக இருக்கும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்கக்கா" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். "வியாழக்கிழமை மத்தியானம் சோறு கொண்டாரேன், சேந்து சாப்பிடுவோம்" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். திருப்பித் தரவேண்டாத டப்பாவில் கொண்டுபோங்கள், பாத்திரம் கழுவிக் கொடுத்தனுப்பும் கவலை அவருக்கு வேண்டாம். உங்கள் ஆல்பத்தில் மறைந்த அண்ணன் இருக்கும் படம் ஏதும் இருந்தால் நகலெடுத்து, பின்னால் இடமும் ஆண்டும் எழுதிக் கொடுங்கள். அவரிடம் இல்லாத படமாக இருக்க வாய்ப்புண்டு.

இறந்த திதியை உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தத் திதி வரும் ஆங்கிலத் தேதி மாறும். புது நாட்காட்டி வந்ததும் மாதத்தையும் பிறையையும் பார்த்து மறுபடி குறியுங்கள். அதற்கு முதல் நாளே போன் செய்துவிடுங்கள், திதியன்று அவருக்குச் சமையல் வேலை இருக்கும்.