கொல்லைக் கதவைத் தாண்டி ஓடுகிறவனை வெட்டலாமா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் கிராமம். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். எனக்கு வயது 67. போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் ஓட்டின் மேல் ஏறி முற்றத்தில் குதித்தான். லைட்டைப் போட்டுக் கத்தியதும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டான். அன்றிலிருந்து தலைமாட்டில் அரிவாள் வைத்துப் படுக்கிறேன். மறுபடி வந்தால் வெட்டலாமா, வெட்டினால் கேஸ் ஆகுமா? டெக்சாஸில் இருக்கும் மகன், அங்கே வீடு புகுந்தவனைச் சுட்டால் கேஸே கிடையாது என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கரண்ட் கம்பி இழுத்துவிடச் சொல்கிறார். அறுப்பு வந்தால் களத்து நெல்லையும் காவல் காக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: கரண்ட் கம்பியிலிருந்து தொடங்குவோம். அதை இழுக்கவே இழுக்காதீர்கள். பீகாரில் ஒருவர், அக்கம்பக்கத்தார் தன் கழிப்பறைக்குள் நுழைவதைத் தடுக்க மின்சாரம் பாய்ந்த வெறும் செப்புக் கம்பியைக் கட்டிவைத்தார். அதில் ஒரு பெண் இறந்துபோனார். அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதத்தை 1963-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருக்குத் தண்டனை உறுதியானது. தற்காப்பு என்பது எதிரே நிற்கும் ஆபத்தைப் பார்த்து, அதற்குத் தக்கபடி கை ஓங்குவது. கம்பிக்கு யார் வருகிறார் என்று தெரியாது. திருடனும் அதற்கு ஒன்றுதான், மாங்காய் பறிக்க ஏறும் பையனும் ஒன்றுதான். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கே இப்போது ஐந்தாண்டு வரை சிறை. உயிர் போகும் என்று தெரிந்தே வைத்தீர்கள் என்றால் பிரிவு இன்னும் கனமாகும். ஐப்பசி அடைமழையில் மதில் ஊறிக் கிடக்கும்போது முதலில் அதைத் தொடப்போவது உங்கள் வீட்டு ஆளாகத்தான் இருக்கும்.

அடுத்து அரிவாள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. தற்காப்பு உரிமை பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது, புதியதில் 34 முதல் 44 வரை. எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை. உங்களுக்கு வேண்டியவை மூன்று பிரிவுகள்: உடலைக் காக்க உயிரெடுக்கும் அளவுக்குப் போகலாமா என்பதைச் சொல்லும் 38, சொத்தைக் காக்க அப்படிப் போகலாமா என்பதைச் சொல்லும் 41, இரண்டுக்கும் கடிவாளம் போடும் 37.

முற்றத்தில் இறங்கியவன் கடப்பாரையோடு உங்களை நோக்கி வருகிறான் என்றால் 38 போதும். உயிர் போகும் என்றோ கொடுங்காயம் ஏற்படும் என்றோ நியாயமாக அஞ்ச இடமிருந்தால், முதல் அடி விழும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. எலும்பு முறிவும் கொடுங்காயம்தான். 67 வயதுக்காரர் கையில் கடப்பாரை விழுந்தால் என்ன ஆகும் என்று நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தாக்கப்படுபவர் புறமுதுகிட்டு ஓடத்தான் வேண்டும் என்றில்லை என்று 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் கொடுத்த அடியைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பதும் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதுதான்.

பிரிவு 41-தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது. சொத்துக்காக உயிர்வரை போகும் உரிமை நான்கு நிலைமைகளில் மட்டும் உண்டு. அடித்தோ மிரட்டியோ பறிக்கும் கொள்ளை ஒன்று. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுவது இன்னொன்று. குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயோ வெடியோ வைப்பது மூன்றாவது. திருட்டோ, சேதமோ, வீடு புகுதலோ நடக்கும் விதத்தைப் பார்த்தால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று அஞ்ச நேர்வது கடைசி.

இதில் 'வீடு உடைத்தல்' என்பதற்குச் சுவரில் கன்னம் வைத்தால்தான் என்று அர்த்தமில்லை. சுவரேறி வருவது, ஆள் போகாத வழியில் நுழைவது, பூட்டைத் திறப்பது, சாத்திய தாழ்ப்பாளை நீக்கி வருவது எல்லாமே அதற்குள் அடக்கம். ஓடேறி முற்றத்தில் குதித்தவன் சந்தேகத்துக்கு இடமின்றி அதைச் செய்தவன். ஆனால் கோடைப் புழுக்கத்துக்கு வாசல் கதவை விரியத் திறந்து போட்டுத் தூங்குகிறீர்கள், அதன் வழியே ஒருவன் சாதாரணமாக நடந்து வருகிறான் என்று வையுங்கள். அது அத்துமீறல்தான், உடைத்தல் ஆகாது. அப்போது 41-இன் இரண்டாவது வகை உங்களுக்குக் கிடைக்காது; உண்மையான ஆபத்து இருந்ததைக் காட்ட வேண்டிவரும். தாழ்ப்பாள் போட்டிருந்தீர்களா என்று போலீஸ் திரும்பத் திரும்பக் கேட்பதன் காரணம் இது.

இனி கடிவாளம். எந்தச் சூழ்நிலையிலும் தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமையில்லை என்கிறது 37. ராத்திரி வீடு உடைத்து வந்தவன்மேல் இருக்கும் உரிமைகூட, அவன் வீட்டுக்குள் இருக்கும்வரைதான். உங்கள் கடிதத்தின் கடைசிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அவன் கொல்லைக் கதவைத் திறந்து ஓடுகிறான். நீங்கள் அரிவாளோடு துரத்தி, மாட்டுக் கொட்டகை தாண்டி, வாழைக்கு நடுவில் வைத்து முதுகில் வெட்டுகிறீர்கள். வெட்டு முன்கையிலா, தோளுக்குப் பின்னாலா, எத்தனை என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதிவைக்கும். ரத்தம் கூடத்தில் கிடக்கிறதா, வாழைக்கொல்லையில் கிடக்கிறதா என்று, போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் மகஜர் சொல்லும். இரண்டும் சேர்ந்தால் தற்காப்பு என்ற வாதம் அங்கேயே படுத்துவிடும். அவன் பையில் உங்கள் நகை இருந்தால் துரத்திப் பிடிக்கலாம், மீட்க வேண்டிய அளவு பலமும் காட்டலாம், உயிரெடுக்க முடியாது.

நல்லெண்ணத்தோடு, முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் காயப்படுத்தும் எண்ணமும் இல்லாமல் எல்லை மீறிவிட்டால், கொலை என்பது 'கொலையாகாத மரணம்' என்று இறங்கும் (பிரிவு 105). இறங்கினாலும் சிறைதான். மகனிடம் இதைச் சொல்லுங்கள். டெக்சாஸ் சட்டம் டெக்சாஸுக்கு, அங்கேயும் நிபந்தனையில்லாமல் இல்லை. வலங்கைமானில் விழும் வெட்டை நம் ஊர் கோர்ட்தான் விசாரிக்கும்.

களத்து நெல், தேங்காய், பம்புசெட் மோட்டாரின் காப்பர் ஒயர் ஆகியவை வேறு கணக்கு. வெட்டவெளியில் நடப்பது வெறும் திருட்டு. தடுக்கலாம், பிடிக்கலாம், முரண்டு பிடித்தால் அளவாக அடிக்கலாம். ஆளைச் சாகடிக்கும் உரிமை இல்லை. பூட்டிய கிடங்கில் மூட்டை அடுக்கியிருந்து, ராத்திரி பூட்டை உடைத்து நுழைந்தால் மட்டும் அது பொருள் வைத்திருக்கும் கட்டடம் என்ற வகையில் வீடு உடைத்தலாகும். அப்போதும் தேவைக்கு மேல் காயம் கூடாது என்ற கடிவாளம் கூடவே வரும்.

ஊரில் வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிடிபட்டவனைத் தென்னை மரத்தில் கட்டி ஆளுக்கு இரண்டு போடுவது. கட்டிய நொடியில் ஆபத்து முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் குற்றம். அவன் இறந்துபோனால் ஒரு அறை விட்டவரும் கொலை வழக்கில் நிற்க நேரலாம். கண்ணெதிரே, ஜாமீனில் விடமுடியாத, பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் செய்பவனைப் பொதுஜனம் பிடிக்கலாம் என்பது, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு. தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். விடியட்டும், நாட்டாமை வரட்டும் என்று கட்டிவைத்துக் காத்திருக்காதீர்கள்.

மறுபடி சத்தம் கேட்டால்: லைட், கூச்சல், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள், 112. போனில் ஊர், தெரு, அருகில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, எத்தனை பேர், கையில் என்ன, இந்த வரிசையில் சொல்லுங்கள். வெளியேறும் வழியை மறித்து நிற்காதீர்கள். வழியில்லாத திருடன்தான் பெரும்பாலும் கை ஓங்குவான்.

கைகலப்பாகி அவனுக்கு அடிபட்டுவிட்டால் 108-ஐயும் கூப்பிடுங்கள். கூப்பிட்டவர் நீங்கள் என்பது பின்னால் உங்கள் பக்கம் பேசும். ரத்தத்தைக் கழுவாதீர்கள், அவன் போட்ட கம்பியை எடுத்து ஓரமாக வைக்காதீர்கள், நெம்பிய தாழ்ப்பாளை அன்றே ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிசெய்யாதீர்கள். உங்கள் உடம்பில் கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது (புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 108). ஆனால் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது என்று தெரிந்தால் போதும். அதற்கு இந்தச் சில்லறைத் தடயங்கள்தான் ஆதாரம். உயிர் போயிருந்தால் எஃப்.ஐ.ஆர் போடுவார்கள், பதறாதீர்கள். 2021-இல் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில், தன்னைத் தாக்கியவனைத் தற்காப்பில் கொன்ற இளம்பெண்ணைப் போலீசே விசாரித்து விடுவித்தது. வாக்குமூலத்துக்கு முன் வக்கீலைப் பாருங்கள். வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

தலைமாட்டில் அரிவாளுக்குப் பதில் டார்ச்சும் போனும் இருக்கட்டும். இருட்டில் உங்களைவிட வேகமாக அரிவாளைத் தூக்கப்போவது அவன்தான். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை, கொல்லைக் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை, கொட்டகைப் பக்கம் ஒரு விளக்கு. வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். ஓட்டின் மேல் அவன் எப்படி ஏறினான் என்று எழுதவில்லையே. தேங்காய் பறிக்கும் ஏணியும் கடப்பாரையும் இன்னும் கொல்லைச் சுவரில்தான் சாய்ந்திருக்கின்றனவா? இன்றைக்கே உள்ளே எடுத்துப் போட்டுப் பூட்டுங்கள்.