பாட்டிலை அளக்காதீர்கள், புழுக்கையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் 2 கிலோ எடையுள்ள வெள்ளை முயல் வளர்க்கிறோம். காலையும் மாலையும் ஒரு கட்டு அருகம்புல், கீரை தின்கிறது. ஆனால் நிப்பிள் பாட்டிலில் ஒரு நாளைக்கு 80 மில்லிதான் குறைகிறது. 300 மில்லி குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று யூடியூபில் பார்த்தேன். என் மாமியாரோ முயலுக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்கிறார். போன ஏப்ரலில் மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்த முயல் இரண்டு நாள் எதுவும் தின்னாமல் இறந்துபோனது. நான் தண்ணீர் வைத்ததுதான் காரணமாம். இப்போது இந்த முயலின் சிறுநீர் வெள்ளையாகக் கலங்கி வருகிறது, ஒருநாள் சிவப்பாகவும் போனது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. சிரிஞ்சில் ஓஆர்எஸ் புகட்டுகிறேன். பையனுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா? கோடைக்கு ஏற்காட்டில் தங்கை வீட்டில் விடலாமா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நீங்கள் வைத்த தண்ணீரால் அந்த முயல் சாகவில்லை. தண்ணீர் குடித்தால் முயல் செத்துவிடும் என்பது பல வீடுகளில் இருக்கும் நம்பிக்கை. அதில் உண்மை இல்லை. சுத்தமான தண்ணீர் இரவும் பகலும் கூண்டில் இருந்தே ஆக வேண்டும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சேலத்து ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நம்மாலேயே அரை மணி நேரம் இருக்க முடியாது. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். நேரில் பார்க்காத முயலைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் அந்த வெயில் மேலும், அந்த இரண்டு நாள் பட்டினி மேலும்தான்.

அந்தப் பட்டினியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். பல் வலியோ, சூடோ, பயமோ, நார் குறைந்த தீனியோ, எதனால் தின்பதை நிறுத்தினாலும் குடல் மெதுவாகிவிடும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், காற்று சேரும், வலி கூடும். வலியில் இன்னும் தின்னாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அப்புறம் கல்லீரலும் கெட ஆரம்பிக்கும். நல்ல முயல் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் உருண்டையான புழுக்கை போடும். அது சிறுத்து, எண்ணிக்கை குறைந்தாலே உஷாராகுங்கள். 12 மணி நேரம் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசரம். உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறது என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பாட்டிலில் தண்ணீர் குறைகிறதே என்று சமாதானம் அடையாதீர்கள். தீனியை விட்ட முயல் சில சமயம் வழக்கத்தைவிட அதிகமாகவே குடிக்கும்.

சரி, அளவுக்கு வருவோம். கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லி என்பது பொதுக் கணக்கு. 2 கிலோ முயலுக்கு 100 முதல் 300 வரை. யூடியூப்காரர் உச்ச அளவை மட்டும் எடுத்துக்கொண்டு பயமுறுத்துகிறார். அந்தக் கணக்கும் காய்ந்த புல்லும் பெல்லட்டும் (கடையில் விற்கும் உலர்ந்த குச்சித் தீனி) தின்னும் முயலுக்குத்தான் சரியாக வரும். கீரையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 200 கிராம் கீரை தின்றால் 150 மில்லிக்கு மேல் அதிலேயே உள்ளே போய்விடும். உங்கள் முயல் காய்ந்துபோகவில்லை. நிப்பிளை எடுத்துவிட்டுக் கவிழாத கனமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். முயல் தலையைக் குனிந்து நக்கிக் குடிக்கும் பிராணி, சட்டியில் கூடுதலாகவே குடிக்கும். தினமும் கழுவி மாற்றுங்கள்.

வெள்ளைச் சிறுநீர் நோயில்லை. தீனியில் வரும் சுண்ணாம்புச் சத்தில் மிஞ்சியதை முயல் சிறுநீரில்தான் தள்ளும். போர் தண்ணீரை நீங்கள் குடிப்பதானால் அதுவும் குடிக்கலாம். சுண்ணாம்புச் சத்து கூடுதலாக உள்ள குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் பெல்லட்டும் அதிகம் போட்டால் மட்டும் குறையுங்கள். ஒருநாள் சிவப்பாகப் போனது பெரும்பாலும் தீனியின் நிறம். திரும்பத் திரும்ப வந்தாலோ, முக்கினாலோ, பற்பசை மாதிரி கெட்டியாக வந்தாலோ காட்டுங்கள்.

ஓஆர்எஸ்ஸை இன்றே நிறுத்துங்கள். நன்றாகத் தின்கிற முயலுக்கு அது தேவையில்லை, பலவந்தமாகப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். அமாக்ஸிசிலின் சிரப்பைக் கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குழந்தைக்கு நல்லதாக இருக்கும் அந்த மருந்து முயலின் வயிற்றில் இருக்க வேண்டிய கிருமிகளை அழித்துவிடும். விஷக்கிருமிகள் பெருகிக் கழிச்சல் கண்டு முயல் செத்தே போகலாம். எத்தனை முறை சொன்னாலும் மிச்ச மருந்தைப் பிராணிக்குக் கொடுக்கும் பழக்கம் போகமாட்டேன் என்கிறது, எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஏற்காட்டுக்குத் தாராளமாக அனுப்புங்கள், குளிர்ச்சி அதற்கு ஒத்துக்கொள்ளும். 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும் என்பதால் விடியற்காலையில் கிளம்புங்கள். இதே சட்டியும், தின்று பழகிய புல்லில் இரண்டு கட்டும் கூடப் போகட்டும். புது இடத்தில் மிரண்டு தின்னாமல் இருந்துவிடக்கூடும் என்பதால், முதல் இரண்டு நாள் காலையிலும் இரவிலும் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.