உங்கள் வீடு என்ன விலைக்குப் போகும்? ஒரு மதிப்பீட்டாளரின் பதில்கள்

வங்கிகள் வீட்டுக் கடன் கொடுக்குமுன் இடத்தை நேரில் பார்த்து மதிப்புப் போடும் வேலையைத் திருச்சியில் 28 ஆண்டுகள் செய்தவன் நான். சொந்த வீட்டை விற்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் சதுர அடி விலைகள் உதாரணம் மட்டுமே. உங்கள் தெருவின் விலையை உங்கள் தெருவில்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: 1,200 சதுர அடி மனை, அதில் 1,500 சதுர அடிக் கட்டடம், கட்டி 20 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தரகர் 95 லட்சம் என்கிறார், இன்னொருவர் 70 லட்சம் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் மதிப்புச் சொல்லவில்லை ஐயா. பெரிய தொகை சொன்னவர் உங்கள் வீடு தன் கைக்கு வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து அவரே வந்து "சந்தை படுத்துவிட்டது" என்பார். சின்னத் தொகை சொன்னவரிடம் அந்த விலைக்கு வாங்க ஆள் தயாராக இருக்கலாம்.

நீங்களே கணக்குப் போடுங்கள். மனையையும் கட்டடத்தையும் முதலில் பிரியுங்கள். மனை சதுர அடி 4,000 ரூபாய் என்றால் 48 லட்சம். அதே தரத்தில் கட்டடத்தை இன்று கட்டச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் ஆகும் என்று வைத்தால் 33 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள், கடைசியில் 10 சதவீதம் இடிபொருள் மதிப்பு மிஞ்சும் என்று கொண்டால், ஆண்டுக்கு 1.5 சதவீதம் தேய்மானம். 20 ஆண்டுக்கு 30 சதவீதம், அதாவது 9.9 லட்சம் போய்விடும். மிச்சம் 23.1 லட்சம். மனையோடு சேர்த்து 71.1 லட்சம்.

இது குடியிருக்க வாங்குபவருக்கான கணக்கு. இடித்துக் கட்ட வாங்குபவருக்கு உங்கள் கட்டடம் ஒரு தடைதான். அவர் மனை விலையை மட்டும் தருவார். இடிக்கும் கூலியையும் அதில் கழிக்கப் பார்ப்பார். ஆகவே உங்கள் தெருவில் பழைய வீடு வாங்கியவர்கள் அதில் குடியிருக்கிறார்களா, இடித்தார்களா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்புதான் என் இடத்தின் விலையா?

இல்லை. அது அரசு முத்திரைத் தீர்வை வசூலிக்க வைத்திருக்கும் அடித்தளம். 2017இல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள், 2024 ஜூலையில் மீண்டும் மாற்றினார்கள். இந்த மூன்று தேதிகளிலும் உங்கள் தெருவில் யாரும் திடீரென்று விலையைக் குறைத்ததுமில்லை, ஏற்றியதுமில்லை.

ஆனாலும் அதைப் பார்க்காமல் விற்கக் கூடாது. வழிகாட்டி மதிப்பு 60 லட்சம், நீங்கள் விற்றது 50 லட்சம் என்றால், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால், வருமான வரித்துறை நீங்கள் 60 லட்சத்துக்கு விற்றதாகவே மூலதன ஆதாயத்தை, அதாவது விற்றதில் வந்த லாபத்தை, கணக்கிடும். வராத பணத்துக்கு வரி! உண்மையிலேயே உங்கள் இடம் அவ்வளவு பெறாது என்றால், துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

கேள்வி: அப்படியானால் உண்மையான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் கிரய, அடமானப் பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீடு 38 லட்சத்துக்கு விற்றதாக இருக்கிறது. ஊரெல்லாம் 65 லட்சம் என்கிறது.

நம் ஊரில் மதிப்பீட்டாளன் படும் பாடே இதுதான். பத்திரத்தில் எழுதும் தொகை பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கிறது. மீதி ரொக்கமாகக் கை மாறுகிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்ட வேண்டியவர் குறைத்து எழுதத்தான் ஆசைப்படுவார். திண்ணைப் பேச்சையும் அப்படியே நம்ப முடியாது. விற்றவர் கூட்டிச் சொல்வார், வாங்கியவர் குறைத்துச் சொல்வார்.

நான் கையாண்ட வழி இது. கடன் போட்டு வாங்கிய பத்திரங்களைத் தேடுங்கள். வில்லங்கச் சான்றில் கிரயத்தை அடுத்து அதே நாளிலோ சில நாளிலோ வங்கிக்கு அடமானப் பதிவு வந்திருந்தால் அது அப்படிப்பட்டது. பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும் என்பதால் அந்தத் தொகை உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும். அப்படி மூன்று கிடைத்தால் போதும். பிறகு உங்களைத் தெரியாத தரகர் ஒருவரிடம் வாங்குபவர் போல அதே தெருவில் மனை கேளுங்கள். அவர் முதலில் சொல்லும் விலையை அல்ல, இறங்கி வந்து நிற்கும் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரொக்கம் பற்றி ஒரு வார்த்தை: வீட்டு விற்பனையில் முன்பணமானாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கேள்வி: மூன்று ஆண்டுக்கு முன் 12 லட்சம் செலவழித்துச் சமையலறை, அலமாரி, பொய்க்கூரை எல்லாம் செய்தோம். அதை விலையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம் அம்மா, கிடைக்காது. வருபவர் அதைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்பார். பிறகு மொட்டை மாடியில் ஓதம் (ஈரக்கசிவு) இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். வீடு சீக்கிரம் விலைபோக அது உதவும், அவ்வளவே.

கேள்வி: விற்குமுன் வெள்ளையடிக்க வேண்டுமா?

ஆம். ஓதத்தைச் சரிசெய்த பிறகு.

கேள்வி: எங்கள் மனை தெருக்குத்து, எதிரே வரும் தெரு நேராக வந்து முட்டுகிறது. நம்பிக்கை இல்லாதவர் கண்ணில் பட்டால் முழு விலை கிடைக்குமா?

நம்பிக்கை இல்லாதவருக்கும் மனைவி, மாமனார், நாளை அவரிடம் வாங்கப்போகிறவர் எல்லாம் உண்டே. தெருக்குத்து மனையைப் பார்க்க வருபவர்களே குறைவு. ஆள் குறைந்தால் விலையும் இறங்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மதிப்பறிக்கையில் அதைக் கழித்துத்தான் எழுதினேன். மற்றபடி 40 அடி முகப்புள்ள கிரவுண்டுக்கும் அதே 2,400 சதுர அடியில் 20 அடி முகப்புள்ள நீள மனைக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடப் பெரியது.

கேள்வி: சென்னையில் 30 ஆண்டுப் பழைய அடுக்குமாடியில் இரண்டாம் மாடி வீடு. 850 சதுர அடி, லிஃப்ட் இல்லை. பக்கத்துப் புது வீடுகளின் சதுர அடி விலையால் பெருக்கலாமா?

கூடவே கூடாது. பத்திரத்தை எடுத்து, பிரிக்கப்படாத மனைப் பாகம், அதாவது கட்டடம் நிற்கும் பொது மனையில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் சொத்தில் மதிப்பு ஏறிக்கொண்டே போன பகுதி அதுதான். 380 சதுர அடி என்றும், அங்கே மனை 12,000 ரூபாய் என்றும் வைத்தால் 45.6 லட்சம். அதற்கு மேல் தேய்ந்த கட்டடத்துக்கு ஒரு தொகை. லிஃப்ட் இல்லாதது இரண்டாம் மாடியில் வயதானவர்களைத் தள்ளிவைக்கும்.

எல்லா வீடுகளின் பாகங்களையும் கூட்டினால் மொத்த மனை அளவு வருகிறதா என்றும் சரிபாருங்கள். சில பழைய கட்டுநர்கள் ஒரு துண்டைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். இடித்துக் கட்டும் பேச்சு தொடங்கியபிறகுதான் அது வெளியே வரும்.

கேள்வி: வாடகை மாதம் 13,000 வருகிறது. 80 லட்சம் கேட்கலாமா?

ஆண்டுக்கு 1.56 லட்சம், 80 லட்சத்தில் 2 சதவீதம்கூட இல்லை. நம் ஊர்களில் இது சாதாரணம். வாடகைக்காக வீடு வாங்குபவர் குறைவு என்பதால் அதைவைத்து விலை சொல்ல முடியாது. ஆனால் குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தால் விலை சரியும். அதை முதலில் பேசி முடியுங்கள் தம்பி.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, நாங்கள் இரண்டு அண்ணன் தம்பி, ஒரு தங்கை. தங்கை கல்யாணத்துக்கே நிறையச் செய்துவிட்டோம். வீட்டின் மதிப்பு எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதும்.

நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் தந்தையின் தனிச் சொத்தில் உங்கள் நால்வருக்கும் சம பங்கு. கல்யாணச் செலவு அதைக் கழிக்காது. தங்கை கையெழுத்திடும்வரை இந்த வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. கடன் இல்லாமல் வாங்குபவர்கள் கொஞ்சம் பேர். அப்படிப்பட்ட காகிதத்தை வாங்கத் துணிபவர் சிக்கலை வைத்தே வியாபாரம் செய்பவராக இருப்பார். 80 லட்சம் பெறும் வீட்டை 50க்கு அவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். தங்கையின் 20 லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் 30 லட்சத்தை விட்ட குடும்பம் அது.

வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்), கட்டட அனுமதி வரைபடம், உங்கள் பெயர்களுக்கு மாறிய பட்டா, இவை கையில் வந்தபிறகு விலை பேசுங்கள். அனுமதியில் தரைத்தளம் மட்டும் இருந்து மேலே ஒரு மாடி கூடுதலாக நின்றால், வங்கி மதிப்பீட்டாளர் அந்த மாடிக்கு மதிப்புப் போடமாட்டார்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். தஞ்சாவூர் வீட்டை 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். கையில் எவ்வளவு வரும்?

உள்ளூர்க்காரர் 50 லட்சமோ அதற்கு மேலோ விற்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீடென்றால் 12.5 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரிகளும் பிடிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் லாபத்தின்மீது அல்ல, முழு விலையின்மீது. முன்கூட்டியே வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கினால் பணம் முடங்காது. முன்பணம் வாங்குமுன் இதைத் தொடங்குங்கள்.

கேள்வி: 90 லட்சம் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது, விற்கவில்லை. காத்திருக்கலாமா?

யாருமே பார்க்க வரவில்லை என்றால் விலை தவறு. வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றால் வீட்டில் ஏதோ இருக்கிறது. விலை பேசி, நகல்களை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பவில்லை என்றால் காகிதத்தில் குறை. இதில் எது?

அதே வாசகர்: ஐந்து மாதத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் என் மைத்துனர்.

விலைதான் ஐயா.