பங்குச் சந்தைக்குப் புதியவர்கள் பணம் கட்டி வகுப்புக்குப் போகலாமா?

பெரும்பாலும் தேவையில்லை. டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு), நிறுவனத்தின் ஆண்டறிக்கை, மியூச்சுவல் ஃபண்டு போன்ற அடிப்படைகளை பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ ஆகியவற்றின் தளங்களிலேயே இலவசமாகப் படிக்கலாம். செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் செபி முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வுக்கும் கட்டணம் கிடையாது.

எனக்குக் கவலை தருவது, முதல் நாள் குறைந்த கட்டணத்தில் கூப்பிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் பல ஆயிரம் ரூபாய் 'அட்வான்ஸ்டு' வகுப்பை விற்பவர்கள்தான். அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் ஆப்ஷன் டிரேடிங், அதாவது ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை வாங்கி விற்பது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டதாக செபி ஆய்வே சொல்கிறது. புதியவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பேலன்ஸ் ஷீட் (நிறுவனத்தின் சொத்து, கடன் விவரம்) வாசிக்கக் கற்றுத்தரும் வகுப்பென்றால் போகலாம், தவறில்லை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்பவரானால், செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். செபி தளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.